கட்டுக்குள் போட்ட சாவி

1958 ஜனவரி 20, திங்கள்

பொங்கலுக்குப் போன ஆட்களில் பாதிப் பேர் இன்னும் திரும்பவில்லை. தோல் பதம் போடுகிற எங்கள் ஷாப்பில், தொட்டியில் தோல் ஊறியபடியே கிடக்கிறது. மேஸ்திரி ராயப்பராஜ் வாசலில் நின்று, "நாளைக்கு வந்துருவாங்கம்மா" என்றார். அவருடைய நாளை எப்போது விடியும் என்று அவருக்கே தெரியாது.

மத்தியானம் லண்டன் கம்பெனிக் கடிதம். எனக்கு இங்கிலீஷ் வராது. கான்வென்ட் அல்போன்சா டீச்சரை வரவழைத்துப் படிக்கச் சொன்னேன். நவம்பரில் மெட்ராஸ் ஹார்பரிலிருந்து கப்பல் ஏறிய நம் சரக்கில் பாதிக் கட்டு பூஞ்சணம் பிடித்துப் போய்ச் சேர்ந்ததாம். நனைந்த தோல் என்கிறார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் திண்டுக்கல் பேகம்பூர் தோலே தங்களுக்கு வேண்டாமாம்.

என் வீட்டுக்காரர் இருந்தவரை ஒரு கட்டைக்கூட யாரும் குறை சொன்னதில்லை. அவர் மௌத்தாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் இது.

கூடவே அப்பாஸ் கடிதமும் வந்திருக்கிறது. அவருடைய தம்பி, என் கொழுந்தன். மெட்ராஸில் கிளியரிங் கம்பெனி ஒன்றில் இருக்கிறான். நம் கட்டுகளைக் கூட்ஸ் வண்டியிலிருந்து இறக்கி, ஹார்பர் ஷெட்டில் வைத்து, கப்பலில் ஏற்றிவிடுவது அவன் பொறுப்பு. எழுதியிருக்கிறான்: "கப்பல் தாமதம். ஷெட்டில் இடம் இல்லை. கட்டுகள் வெளியே தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. நல்ல மழை."

அம்புட்டுப் பெரிய ஹார்பர். அதில் நம் கட்டுக்கு மட்டும் கூரை இல்லையாம்.

லண்டன்காரன் போனால் தோல் ஷாப்பு இல்லை. தோல் ஷாப்பு போனால் நான் என் அண்ணன் வீட்டு அடுப்படியில் போய் உட்கார வேண்டியதுதான். இது அப்பாஸுக்குத் தெரியாதா என்ன?

ஜனவரி 22, புதன்

நனைந்தது நம் தோல்தானா? அல்லது நல்ல தோலை மெட்ராஸிலேயே விற்றுவிட்டு, வேறு எவனுடைய கழிசடைக் கட்டையோ ஏற்றிவிட்டானா?

இதை எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

ஜனவரி 27, திங்கள்

அப்பாஸ் வந்திருந்தான். கையில் புதுக் கடிகாரம். கேட்பதற்கு முன்பே, "கம்பெனியில குடுத்தாக மதினி" என்றான். நான் கேட்கவில்லையே, எதற்குச் சொன்னான்?

சோற்றைப் போட்டுவிட்டு, ஒரு கூரை கூடவா இல்லை என்று கேட்டேன். சிரித்தான். "மதினி, தைப்பூசத்துக்குப் பழனி பஸ்ஸு எப்படி நிக்கிது? அப்படித்தான் அங்க கப்பலு வரிசை கட்டி நிக்கிது. ஷெட்டு பூரா சக்கரையும் மிஷினும். ஒரு தடவ வந்து பாருங்க, புரியும்."

ஒரு தடவை வந்து பாருங்கள் என்று தைரியமாகச் சொல்கிறவன் இரண்டு விதம். மடியில் கனமில்லாதவன் ஒருத்தன். நான் மெட்ராஸுக்கெல்லாம் வரமாட்டேன் என்று நிச்சயமாகத் தெரிந்தவன் இன்னொருத்தன்.

போகும்போது, "எதுனாலும் எங்கிட்டயே கேளுங்க மதினி" என்றான். சரி என்றேன். கேட்கப்போவதில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

தோல் ஷாப்பில் ஒரே சத்தம். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். ராயப்பராஜ் ஒருத்தனை வைதுகொண்டிருந்தார். புதிதாக வந்த ஆள் இரும்பு வாளியைத் தொட்டிப் பக்கம் கொண்டுவந்துவிட்டானாம். "ஏலே, ஒன் வாளியத் தூக்கி ரோட்டுல எறிஞ்சிருவேன்" என்று கத்துகிறார். ஒரு வாளிக்கா இவ்வளவு கோபம்? வேறு ஏதோ நடக்கிறது. என் காதில் விழவேண்டும் என்றே கத்துகிற மாதிரி இருக்கிறது. அப்பாஸும் மேஸ்திரியும் போன வாரம் வெளியில் நின்று செத்த நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் இருந்தபோது வீட்டில் தோலைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். "அந்த நாத்தத்த வாசலோட விட்டுட்டு வாரேன்" என்பார். இவ்வளவு வருஷம் சுவருக்கு இந்தப் பக்கமே இருந்துவிட்டேன். இப்போது எவன் எதைச் சொன்னாலும் தலையாட்ட வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 5, புதன்

வழி கிடைத்துவிட்டது!

வீட்டு வேலைக்கு வருகிற முத்துப்பேச்சியின் புருஷன் பூட்டுப் பட்டறையில் அரம் போட்டுச் சாவி ராவுகிறவன். பீரோப் பூட்டை எண்ணெய் போட்டுத் துடைக்கையில் அவள் சொன்னாள்: "எம் புருசன் ராவுன சாவி அந்தப் பூட்டத் தவிர எதுலயும் சேராதும்மா. திண்டுக்கல் பூட்டுன்னா சும்மாவா?"

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கட்டு ஒன்றுக்கு ஒரு பூட்டு. பூட்டு என்னிடம் இருக்கும். சாவி கட்டுக்குள், தோலுக்கு நடுவில் போகும். லண்டனில் பிரிக்கும்போது சாவியை எடுத்துத் திருப்பி அனுப்பட்டும். வந்த சாவியால் என் பூட்டுத் திறந்தால் போனது என் கட்டு. சாவியே வரவில்லையென்றால் நடுவில் மாற்றியவன் யார் என்று தெரிந்துவிடும். கட்டின் மேல் எழுதும் எழுத்தை எவனும் எழுதலாம். திண்டுக்கல் சாவியை மெட்ராஸ்காரன் என்ன செய்வான்?

பிப்ரவரி 10, திங்கள்

பன்னிரண்டு பூட்டு வந்துவிட்டது. "இம்புட்டுப் பூட்டு எதுக்கும்மா? வீட்டுல இருக்கதே நாலு கதவு" என்று முத்துப்பேச்சி சிரிக்கிறாள். நாலு கதவுக்கும் மூணு மூணு என்றேன். அவளிடமும் வாயைத் திறக்கவில்லை.

சாவி இரும்புதான். பித்தளையில் கிடைக்கும் என்றாள். பித்தளை மினுங்கும், கட்டுப் போடுகிறவன் கண்ணில் பட்டுவிடும். இரும்புதான் சரி.

அல்போன்சா டீச்சரை வைத்து லண்டனுக்குக் கடிதம் எழுதியாயிற்று. டீச்சர் பேனாவை வைத்துவிட்டு, "இதெல்லாம் ஒங்க கொழுந்தன் கிட்டச் சொல்லிட்டீங்களா?" என்றார். டீச்சருக்கு எதற்கு அந்தக் கேள்வி?

பிப்ரவரி 14, வெள்ளி

ஜும்மாவுக்கு ஷாப்பை அடைத்து எல்லாரும் போய்விட்டார்கள். காவலுக்கு இருந்தவனை மார்க்கெட்டுக்கு அனுப்பினேன். தோல்கள் பன்னிரண்டு அடுக்காக, நாளை சாக்கு வைத்துத் தைப்பதற்குத் தயாராக இருந்தன. ஒவ்வொரு அடுக்கிலும் நடுவில் கையை விட்டு ஒரு சாவி.

ஆவாரம்பட்டை வாசனை இன்னும் கையை விட்டுப் போகவில்லை. நான் தொட்டுப் பார்த்த முதல் சரக்கு இது. தோல் இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று நினைத்ததில்லை. அவர் ஒரு நாளாவது என்னை உள்ளே கூட்டிப்போய்க் காட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 24, திங்கள்

கட்டுகள் கூட்ஸில் போய்விட்டன. அப்பாஸுக்கு எழுதிவிட்டேன்: ஹார்பர் பார்க்க வருகிறேன். ஆடிப்போயிருப்பான்.

மார்ச் 4, செவ்வாய், மெட்ராஸ்

ஆடிப்போகவில்லை. எழும்பூர் ஸ்டேஷனுக்கே வந்து நின்றான். அவன் மனைவி சைதூன் மூன்று வெஞ்சனம் வைத்துச் சோறு போட்டாள். சிறிய வீடு. சுவரில் காரை பெயர்ந்திருக்கிறது. திருடிய பணம் இந்த வீட்டுக்குள் வந்த மாதிரித் தெரியவில்லை. வேறெங்காவது வைத்திருப்பான்.

மார்ச் 5, புதன், மெட்ராஸ்

இன்று பார்த்ததை எல்லாம் எழுத வேண்டும். முதலில் ஒன்று: பயமாக இருக்கிறது. ஏன் என்று வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரியும்.

அப்பாஸ் கம்பெனி மூலம் பாஸ் வாங்கி வைத்திருந்தான். கேட்டில் போலீஸ் நின்று ஒவ்வொரு பாஸாகப் பார்க்கிறது. உள்ளே போகிறவனையும் பார்க்கிறது, வெளியே வருகிறவன் மடியையும் தடவுகிறது. சரி, மடியில் வைத்து ஒரு கட்டுத் தோலைக் கடத்த முடியாது. லாரியில் முடியுமே.

ரயில் ஹார்பருக்குள்ளேயே வருகிறது. நம்ம ஊர் கூட்ஸ் வண்டி கப்பலுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது! ஷெட்டு ஒவ்வொன்றும் நடந்து மாளாத நீளம். அதற்கு அந்தப் பக்கம் தண்டவாளத்தில் நகருகிற கிரேன்கள். கப்பலுக்குக் குடிதண்ணீர் குழாயில் போகிறது. தீப்பிடித்தால் அணைக்க வண்டி, ஆளுக்கு அடிபட்டால் கட்டுப்போட ஒரு அறை, சாப்பாட்டுக்குக் கேன்டீன். அப்பாஸ் புதுமாப்பிள்ளை வீட்டைச் சுற்றிக் காட்டுகிற மாதிரிக் காட்டிக்கொண்டே வந்தான். நான் குழாயைத்தான் பார்த்தேன். எங்கே ஒழுகுகிறது, எந்தக் கட்டின் மேல் விழுகிறது என்று.

ஷெட்டுக்குள் இடமே இல்லை. வெளியில் பெட்டிகளும் மூட்டைகளும் தார்ப்பாய் போட்டுக் கிடந்தன. அப்பாஸ் என் முகத்தை மட்டும் பார்த்தான். எனக்கென்றே இத்தனை சரக்கையும் வெளியே எடுத்துப் போட்டிருப்பானோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரு ஹார்பர் முழுவதையும் ஒரு ஆள் அப்படிச் செய்ய முடியாது. முடியாதுதானே?

தூரத்தில் ஒரு கப்பல் உள்ளே வந்துகொண்டிருந்தது. இரண்டு சின்னப் படகுகள் அதை இழுத்து வந்தன. கடலுக்குள் போய் அந்தக் கப்பலில் ஏறிக்கொள்வது ஹார்பர்க்காரர் ஒருவராம். கரை வரைக்கும் அவர் சொன்னபடிதான் கப்பல் திரும்புமாம். "கேப்டன் பேசாம நின்னுக்கிருவாரு மதினி" என்றான். முன்பின் தெரியாத ஆளிடம் அம்புட்டுப் பெரிய கப்பலைக் கொடுத்துவிட்டு எப்படிப் பேசாமல் நிற்கிறார்?

நம் கட்டுகள் ஷெட்டுக்குள், கூரைக்கு அடியில் இருந்தன. நம் சாக்கு, நம் தையல். நான் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தன. ஒவ்வொன்றாகக் கயிற்று வலையில் வைத்தார்கள். அப்போது ஒரு ஆள் இடுப்பிலிருந்து கொக்கியை எடுத்துக் கட்டில் மாட்டப் போனான். அப்பாஸ் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துவிட்டான். அப்பாஸ் கத்தி நான் கேட்டதே இல்லை. "அண்ணே! தோல் கட்டுண்ணே! கொக்கியக் கொண்டாந்தா இரும்பு பட்டுரும்ல!"

ஓட்டை விழுந்துவிடும் என்றா கத்தினாய் என்று கேட்டேன்.

"ஓட்ட போனா போகுது மதினி. ஆவாரம்பட்டையில பதம் பண்ணுன தோலுக்கு இரும்பு ஆகவே ஆகாது. கொஞ்சம் ஈரம் போதும், மை ஊத்துன மாதிரி கறுத்துரும். ஒரு தோலுல பட்டா மேலயும் கீழயும் நாலு தோலுக்கு இறங்கிரும். அண்ணன் ஒங்ககிட்டச் சொன்னதில்லையா?"

அண்ணன் என்னிடம் எதையும் சொன்னதில்லை.

கிரேன் தூக்க ஆரம்பித்தது. பன்னிரண்டு கட்டும் வலைக்குள், அவற்றுக்குள் பன்னிரண்டு இரும்புச் சாவி. நிறுத்து என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் நின்றிருக்கும். அப்பாஸ் ஒரு கையைத் தூக்கினால் கிரேன்காரர் நிறுத்துகிறார், நானே பார்த்தேன்.

சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது இதுதான்: இவனுக்குச் சாவி விஷயம் தெரிந்துவிட்டது. டீச்சர் சொல்லியிருப்பார், முத்துப்பேச்சி சொல்லியிருப்பாள். என் வாயாலேயே சாவியை எடுக்க வைப்பதற்குக் கொக்கிக்காரனையும் சேர்த்துக்கொண்டு நாடகம் ஆடுகிறான். நான் ஏமாறுவேனா?

கட்டுகள் கப்பலுக்குள் இறங்கிவிட்டன. "நிம்மதியா மதினி?" என்றான். ஆமாம் என்றேன்.

மார்ச் 8, சனி

வீடு வந்து சேர்ந்தேன். ரயில் திண்டுக்கல்லை நெருங்கும்போது அந்த இரும்பு வாளி ஞாபகம் வந்தது. ராயப்பராஜ் அன்றைக்கு ஏன் அவ்வளவு கத்தினார்? அவரும் நாடகமா? எனக்காகவா?

மார்ச் 11, செவ்வாய்

யாரையும் கேட்கப்போவதில்லை. கேட்டால் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுவார்கள். நானே பார்த்துக்கொள்கிறேன். கழிவுத் தோலில் ஒரு துண்டு எடுத்தேன். தண்ணீர் தெளித்தேன். என் பீரோச் சாவியை நடுவில் வைத்து மடித்து, அம்மிக்கல்லுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

கறுத்துவிட்டது.

மார்ச் 12, அதே நாள்

காலையில் ஒரு வார்த்தை எழுதிவிட்டு மூடிவிட்டேன். திரும்பவும் எடுக்கிறேன். தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. சாவியின் உருவம் அப்படியே கறுப்பாகப் பதிந்திருக்கிறது, வளையத்தோடு.

யா அல்லா. கப்பல் இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கிறதோ!

தண்ணீர் தெளித்ததால்தானே கறுத்தது, கட்டு காய்ந்துதானே இருந்தது, நானே தொட்டுப் பார்த்தேனே. நடுக்கடலில் கப்பலின் அடித்தட்டில் ஈரம் இருக்காதா? இருக்குமாம். டீச்சரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். உப்புக்கூட நீர்த்துப்போகுமாம்.

மார்ச் 22, சனி

நோன்பு தொடங்கிவிட்டது. பசி தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், இங்கே எழுதாமல் வேறெங்கே எழுத. கறுத்தாலும் கறுக்கட்டும், அந்தச் சாவிகள் என் பூட்டில் சேராமல் இருந்தால் போதும் என்று ஒரு நினைப்பு வருகிறது. அவன் திருடன் என்றால் நான் செய்தது சரியாகிவிடும். நோன்பு வாயோடு இப்படி நினைக்கிறேன்.

ஏப்ரல் 21, திங்கள்

பெருநாள். அப்பாஸ் துணி அனுப்பியிருக்கிறான். வெள்ளைப் புடவைதான், நல்ல மல். பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

மே 9, வெள்ளி

லண்டனிலிருந்து பார்சல்.

டீச்சர் கடிதத்தைப் படித்தார். கேட்டபடி சாவிகளை அனுப்பியிருக்கிறார்கள். எல்லாக் கட்டிலும் சாவியைச் சுற்றி இருந்த தோல்கள் கெட்டுப்போயின, எடுத்துக்கொள்ள முடியாது என்றும், தோல் வியாபாரம் செய்கிறவர்கள் இதைச் செய்தார்கள் என்று நம்பவே முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். அப்பாஸின் மெட்ராஸ் கம்பெனிக்கும் தகவல் போயிருக்கிறதாம், கறை என்று மட்டும். டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கதவைச் சாத்திக்கொண்டு பூட்டுகளைத் தரையில் பரப்பினேன். துருப்பிடித்த சாவி ஒன்றை முதல் பூட்டில் போட்டேன். சேரவில்லை. மனசு குதித்தது. இரண்டாவதில் சேரவில்லை. மூன்றாவதில் திறந்துகொண்டது.

பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் திறந்தன. பன்னிரண்டும். ஒன்றாவது திறக்காமல் இருக்காதா என்று கடைசிச் சாவி வரைக்கும் பார்த்தேன். அதுவும் திறந்தது.

அவன் ஒரு தோலைக்கூடத் தொடவில்லை. ஊர்விட்டு ஊர், கடல் தாண்டி, என் சரக்கு அப்படியே போய்ச் சேர்ந்திருக்கிறது. கெடுத்தது நான். நானேதான் கெடுத்தேன்.

பார்சலுக்கு அடியில் ஒரு தோல் துண்டு. மாதிரிக்கு வெட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

மே 13, செவ்வாய்

அப்பாஸ் வந்தான். கண் சிவந்திருந்தது. வந்ததும் உட்காரவில்லை.

"தப்பு எம் பக்கம்தான் மதினி. நான் செத்த நேரம் அங்கிட்டுத் திரும்புனப்போ எவனோ கொக்கியப் போட்டுருக்கான். கம்பெனியில சொல்லிட்டேன், நானே ஏத்துக்கிறேன்னு. லண்டனுக்கும் எழுதிட்டேன், ஒங்க மேல தப்பில்ல, இன்னொரு தடவ பாருங்கன்னு."

பேசாமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். லண்டன்காரன் எழுதியது இங்கிலீஷ். டீச்சர் வெளியே சொல்லமாட்டார். இதையெல்லாம் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று பொய் எழுத மாட்டேன்.

உள்ளே போய்த் தோல் துண்டையும் சாவிகளையும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தேன். "நீ மாத்திட்டியோன்னு பாக்க வச்சேன் தம்பி" என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

அவன் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். கறுப்பு வரியை விரலால் தடவினான்.

"பதம் நல்லா இருக்கு மதினி. சாவியோட பல்லு வரைக்கும் விழுந்துருக்கு."

பிறகு கேட்டான். "பூட்டெல்லாம் தெறந்துச்சா?"

"தெறந்துச்சு."

"எல்லாமா?"

"எல்லாம்."

தலையை ஆட்டிக்கொண்டான். சோறு எடுத்து வைத்தேன், உட்கார்ந்து சாப்பிட்டான். வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினான். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "அடுத்த சரக்குக்கு வேற ஆளப் பாத்துக்கங்க மதினி. நல்ல ஆளா நானே சொல்லி விடுறேன். நான் தொட்டா ஒங்களுக்குத் தூக்கம் வராது" என்றான். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

மே 14, புதன்

பெருநாள் துணியை எடுத்துக் கட்டிக்கொண்டேன். முத்துப்பேச்சி, "நல்லாருக்கும்மா, யாரு எடுத்தது?" என்றாள். சொன்னேன்.

ஜூலை 2, புதன்

அப்பாஸுக்கு இரண்டு கடிதம் போட்டேன். சைதூன் பதில் எழுதியிருக்கிறாள். எல்லாரும் சௌக்கியமாம்.

செப்டம்பர் 19, வெள்ளி

லண்டனிலிருந்து பதில். இன்னொரு தடவை பார்க்கிறோம் என்கிறார்கள். அப்பாஸ் எழுதியதற்காகத்தான் என்று டீச்சர் படித்துச் சொன்னார். நான் ஷாப்புக்குள் போய் ராயப்பராஜுக்குப் பக்கத்தில் நின்று கட்டுத் தைப்பதைப் பார்த்தேன். கையிலிருந்த சாவிக்கொத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போனேன்.

நவம்பர் 12, புதன்

அப்பாஸ் சொல்லிவிட்ட புது ஏஜெண்டிடமிருந்து கடிதம். நான் முகம்கூடப் பார்த்திராத ஆள். எழுதியிருக்கிறார்: "கப்பல் தாமதம். ஷெட்டில் இடம் இல்லை. கட்டுகளை வெளியே தார்ப்பாய்க்கு அடியில் வைத்திருக்கிறோம். மழை பெய்கிறது."

உடனே பதில் போட்டேன். அங்கே இடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நான் வந்து பார்த்திருக்கிறேன், முடிந்ததைச் செய்யுங்கள் என்று எழுதினேன்.

கடிதத்தை ஒட்டிய பிறகுதான் உறைத்தது. போன வருஷ நவம்பர் சரக்கைப் பற்றி அப்பாஸ் எழுதியதும் இதேதான். அதே தாமதம், அதே தார்ப்பாய், அதே மழை.